குழாய் இல்லாத ரேடியோ செட்

எங்கள் குழுவில் நாலு பேர். நான் சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன். கிட்டார் வாசித்தவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவரைவிட வயதில் மூத்த நான்கூட அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். தபலா வாசித்தவர் அச்சாபீஸில் ஆஃப்செட் மிஷின் ஓட்டியவர். எங்கள் எல்லோருக்கும் தம்பி. பாடியவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவளை எனக்குத் தெரிய வந்ததே ஆஸ்பத்திரியில்தான். கம்பெனியில் பட்டாசு மருந்து தீப்பிடித்து முன்கையில் தீக்காயத்தோடு வந்திருந்தாள். பெரிய காயம் இல்லை, ஆனால் தினமும் பழைய கட்டைப் பிரித்து மருந்து வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் சிலர் கத்துவார்கள், சிலர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இவள் பாடினாள். முனகல் இல்லை, முழுத் தொண்டையில் பாட்டு. வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டுப் போட்டு முடித்ததும், "பாட்டு நின்னா வலி தெரியுதுக்கா, இன்னும் கொஞ்சம் மெதுவா கட்டியிருக்கலாம்ல" என்று சிரித்தாள். கை ஆறிய பிறகு நானே அவள் வீட்டைத் தேடிப் போய் எங்களோடு பாட வரச் சொன்னேன்.

அந்தத் தொண்டை எப்படி வந்தது என்பதையும் அவளே சொன்னாள். பட்டாசுக் கம்பெனியில் தீ தாவாமல் இருக்க வேலை செய்யும் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ரேடியோவுக்கும் செல்போனுக்கும் உள்ளே இடமில்லை. பாட்டு வேண்டுமென்றால் யாராவது பாடத்தான் வேண்டும். அவள் பாட ஆரம்பித்தால் அடுத்த அறையிலிருந்து, "ஏடி, எங்களுக்கும் கேக்குற மாதிரி பாடு" என்று குரல் வரும். இவளும் குரலை ஏற்றுவாள். அப்படியே வருடக்கணக்கில் பாடிப் பாடி, வெட்டவெளியைத் தாண்டிப் போகிற குரலாக அது ஆகிவிட்டது.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிறிஸ்துமஸ் பவனி என்று எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாத்தியங்கள் எங்களுடையவை. மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் மட்டும் ரேடியோ செட்டுக்காரருடையவை. எங்கள் பக்கத்தில் வீட்டு விசேஷம் என்றால் முதலில் வருவது அவர்தான். வேப்ப மரத்திலோ மொட்டை மாடியிலோ இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை ஊரைப் பார்த்துக் கட்டிவிட்டு, "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பிப்பார். நாங்கள் பாடுவது ஊரின் மறு கோடியில் இருக்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும். பாடுகிற எங்களுக்குத்தான் கேட்காது. எதிரே கோயில் மதிலில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் வாசிக்க வேண்டும். அது எப்போதும் கொஞ்சம் பிந்தியே வரும். தம்பி அதை நம்பித் தாளத்தை மெதுவாக்குவார், சார் வேகமாக்குவார், நான் நடுவில் அல்லாடுவேன். தங்கச்சி யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்குக் கத்துவாள்.

திருத்தங்கலில் ஒரு கல்யாணத்தில்தான் அது முடிவுக்கு வந்தது. நல்ல முகூர்த்த நாள். ரேடியோ செட்டுக்காரர் ஆசைப்பட்டு இன்னொரு வீட்டுக்கும் ஒத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பாட்டின் நடுவில் இருக்கும்போது அவர் குனிந்தபடியே மேடைக்கு வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. அங்கன மாப்பிள்ளை வந்துட்டாராம். பொட்டிய எடுத்துக்கிறேன்."

"பாதிப் பாட்டுல இருக்கோம்ணே!"

"நீங்க பாடுங்க, பாடுங்க. உங்க தங்கச்சிக்கு மைக்கு எதுக்கு?"

சொல்லிக்கொண்டே வயரை உருவிவிட்டார். என் கீபோர்டு வாயடைத்துப்போனது. விரல்கள் மட்டும் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தன. முன் வரிசையில் இருந்த குழந்தைகள் என் விரல்களைக் காட்டிச் சிரித்தார்கள். தங்கச்சி அசரவில்லை. தபலாவை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மண்டபத்தையே நிரப்பினாள். பாராட்டு முழுக்க அவளுக்குத்தான். ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது அவளால் பேச முடியவில்லை, குரல் கம்மிவிட்டது. கிளாஸைக் கீழே வைத்த சார், "நமக்குன்னு ஒரு செட்டு வேணும்" என்றார்.

தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், சார் எதற்கோ சேர்த்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. காசைப் பற்றி இவ்வளவு போதும். எங்களுக்குள் சண்டை வந்தது காசால் இல்லை. தம்பிக்கு 'தும்' என்று நெஞ்சில் இடிக்கிற பெரிய ஸ்பீக்கர் வேண்டும். சாருக்கு, எல்லா வாத்திய ஒலியையும் சேர்த்துக் கலக்குகிற, நிறையக் குமிழ்கள் உள்ள மிக்சர் வேண்டும். எங்கேயோ மதுரைக் கச்சேரியில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தார். எனக்கு, நான் வாசிப்பது எனக்குக் கேட்க வேண்டும். தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எதுனாலும் வாங்குங்க. ஆனா பஸ்ஸுல ஏறணும்."

அவள் சொன்னது நியாயம். எங்களிடம் வண்டி கிடையாது. சாரிடம் ஒரு பைக், தம்பியிடம் ஒரு சைக்கிள். சாத்தூர், விருதுநகர் என்று எங்கே போனாலும் பஸ்தான்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் கதவைச் சாத்தியிருந்த வாரத்தில் மதுரைக்குப் போனோம். அச்சாபீஸில் அப்போது காலண்டர் சீசன், மிஷின் நிற்கவே நிற்காது. தம்பி யாரையோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு, நகக்கண்ணில் சிவப்பு மையோடும் மடியில் தபலாவோடும் பஸ்ஸில் வந்து உட்கார்ந்தார்.

ஸ்பீக்கர் விற்கிற கடையில் கடைக்காரர் எங்களை நன்றாகவே வரவேற்றார். பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒரு சி.டி.யைப் போட்டார். கடையின் கண்ணாடி அதிர்ந்தது. "எப்படி?" என்றார். நன்றாக இருந்தது. அடுத்த பெட்டியில் போட்டார். அதுவும் நன்றாக இருந்தது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

தங்கச்சிதான் கடைக்காரரிடம் கேட்டாள்: "அண்ணே, நாங்க சி.டி. போடுறவக இல்ல, பாடுறவக. ஒரு மைக்கு குடுக்கீகளா?"

கடைக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டு மைக்கை மாட்டிக் கொடுத்தார். அவள் பெட்டிக்கு நேர் எதிரே நின்று, வழக்கம்போல முழுத் தொண்டையில் ஒரு வரி பாடினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். மைக்கைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"யாருக்கா இது?"

"நீதான்."

"நானா? தொலைஞ்சுபோன ஆட்டைக் கூப்பிடுற மாதிரில்ல இருக்கு!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பப் பாடச் சொன்னபோது மைக்கை என் கையில் திணித்துவிட்டாள். அதன் பிறகு சோதனை எல்லாம் எங்கள் மூன்று பேருடையதுதான். சார் சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லாமல் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். நான் வாசலுக்குப் போய், தெரு இரைச்சலுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறதா என்று கவனித்தேன். சில பெட்டிகளில் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அவற்றை ஒதுக்கினோம். தம்பி தரையில் சம்மணம் போட்டுத் தபலாவுக்கு மைக் வைத்து வாசித்ததும் வழியில் போனவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்கு அதில் சந்தோஷமா சங்கடமா என்று சொல்ல முடியவில்லை.

தம்பிக்குப் பிடித்தது பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு பெட்டி. அதை அவரும் சாரும் சேர்ந்து தூக்கினார்கள். கடை வாசல்படி வரை கொண்டுபோய் வைத்துவிட்டு இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்குத் தனியா ஒரு பஸ் பிடிக்கணும்லே" என்றார் சார்.

பத்து அங்குலப் பெட்டி தூக்க எளிது, ஆனால் தபலா அதில் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. நடுவே பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்று இருந்தது. தங்கச்சி போய் அதை இரண்டு கையாலும் எடுத்து, தண்ணீர்க் குடம் வைப்பது போல இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கடைக்குள் ஒரு நடை நடந்து வந்தாள்.

"நிக்குது. இதையே எடுப்போம்."

அதில் ஒரு ஜோடி எடுத்தோம். மிக்சரில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே வைத்த வகை ஒன்று இருந்தது. இரண்டு சுமை ஒரு சுமையாகும் என்று அதை எடுத்தோம். சார் பார்த்து வைத்திருந்ததைவிட அதில் குமிழ்கள் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை இருந்ததால் சமாதானமாகிவிட்டார். மடக்குகிற ஸ்டாண்டுகள், மைக்குகள், வயர்கள். கடைசியில் கடைக்காரர், தரையில் சாய்ந்து பாடகர்களைப் பார்த்து நிற்கிற ஒரு குட்டிப் பெட்டியைக் காட்டினார். "இது மானிட்டர். நீங்க பாடுறது உங்களுக்கே கேக்கும்."

"அது வேண்டாம்ணே" என்றாள் தங்கச்சி உடனே.

"அதுதான் முதல்ல வேணும்" என்றேன் நான்.

மதுரை பஸ் நிலையத்தில் கண்டக்டர் படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, பீரோவா?"

"ஸ்பீக்கர்ணே" என்றார் தம்பி.

"பாடுமா?"

"கரண்டு இருந்தா பாடும்."

"இங்கன கரண்டும் இல்ல, இடமும் இல்ல. கடைசி சீட்டுக்குக் கொண்டு போங்க. பிரேக் போட்டா ஆளு மேல விழாம பிடிச்சுக்கணும், ஆமா."

கடைசி சீட்டில் ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்க வந்தபோது, எந்த ஊர்க் கச்சேரி, என்ன பாட்டெல்லாம் பாடுவோம் என்று விசாரித்தார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றும் சொன்னார். எங்கள் புதுச் செட்டுக்கு வந்த முதல் ஆர்டர் அதுதான், கண்டக்டர் வீட்டுக் கல்யாணம்.

விருதுநகரில் இறங்கி, பெட்டிகளை நடுவில் வைத்து அவற்றைச் சுற்றி நின்றுகொண்டே பரோட்டா சாப்பிட்டோம். தம்பி ஒரு கையால் பெட்டியைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். தங்கச்சி மட்டும் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தாள்.

"ஏக்கா, இம்புட்டு நாளும் எல்லாரும் அதையா கேட்டாக?"

"எதை?"

"அந்த ஆட்டுக் கத்தலை."

"கேட்டாங்க. பிடிச்சுப்போய்த்தான் திரும்பக் கூப்பிட்டாங்க."

அவள் நம்பவில்லை. சிவகாசி பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஒத்திகை திருத்தங்கலில் என் வீட்டு முன்னறையில். மறுநாள் மத்தியானம் எல்லோரும் கூடினோம். ஸ்டாண்டுகளை விரித்து, பெட்டிகளை ஏற்றி, வயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். சார் விளக்கப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார். தம்பிக்குப் பொறுமை இல்லை. சார் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டார். குமிழ்கள் எல்லாம் முழுசாகத் திறந்து கிடந்தன.

'டம்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கம்பிகள் நடுங்கின.

தெருவே வெளியே வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். எந்தத் திசை என்றுதான் பார்ப்பார்கள். பெண்கள் வாசலில் நின்று புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"எங்கனடி? எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லக்கா, எங்க வீடுதான். ஸ்பீக்கர்."

அவர் நெஞ்சில் கை வைத்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தெரு முழுக்கச் சேர்ந்து சிரித்தது. பெருமாள் கோயில் வரைக்கும் செய்தி போய், மாலை வரை ஆள் மாற்றி ஆள் வந்து, 'வெடித்த' ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம் வந்தது: குமிழ்களை எல்லாம் அடக்கிவிட்டுத்தான் சுவிட்ச். அதோடு, 'தும்' வேண்டும் என்று தம்பி அதன் பிறகு கேட்கவே இல்லை.

அடுத்த தொல்லை ஊளை. மைக்கைத் திறந்தாலே 'ஊய்' என்று காதைக் கிழித்தது. இட வசதிக்காகப் பெட்டிகளை எங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தோம். குமிழைக் குறைத்தால் ஊளை நின்றது, பாட்டும் நின்றது. சார் மைக் மாற்றிப் பார்த்தார், வயர் மாற்றிப் பார்த்தார். நான் ஸ்டாண்டோடு ஒரு பெட்டியைக் கதவுப் பக்கம் நகர்த்தும்போது ஊளை தானாகவே அடங்கியது. திரும்பப் பின்னால் கொண்டு போனேன், கத்தியது. முன்னால் கொண்டு வந்தேன், அமைதியானது. பெட்டியிலிருந்து வருகிற சத்தமே மைக்குக்குள் புகுந்து சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அது புரிந்ததும் மூன்று பேரும் அறையைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியை வைத்து விளையாடினோம். கடைசியில் பெட்டிகள் வாசலைப் பார்த்து முன்னாலும் நாங்கள் அவற்றுக்குப் பின்னாலுமாக இடம் பிடித்தோம். தெருவில் நாய்கள்கூட அடங்கின.

ஆனால் தங்கச்சி பாட மறுத்தாள். தலைவலி என்றாள், தொண்டை சரியில்லை என்றாள். மானிட்டரை அவள் பக்கம் திருப்பினால் காலால் மெல்லத் தள்ளிவிட்டாள். அப்படியே ஒரு வாரம் போயிற்று. கண்டக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பாகவே விஸ்வநத்தத்தில் நடக்க இருந்த இன்னொரு கல்யாணத்துக்கு இதற்கிடையில் ஒத்துக்கொண்டிருந்தோம். அவளுடைய கம்பெனி போர்மேன் வீட்டு விசேஷம். எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் ஒத்திகைக்கு அவள் தன் சின்ன மகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்த குழந்தை. ஸ்பீக்கர் பெட்டிகளின் உறையைத் தரையில் விரித்ததும் அதன் மேலேயே தூங்கிவிட்டது. நாங்கள் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி மைக்கைப் பிடித்தபடி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது பாட ஆரம்பித்தாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று, மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சுப் போலப் பாடினாள்.

அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அடியில் கொஞ்சம் கரகரப்போடு, வெதுவெதுவென்று, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நமக்கு மட்டும் சொல்வது போல. சார் கிட்டாரை ஒற்றை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். தம்பி வாசிப்பதையே நிறுத்திவிட்டார். மானிட்டரிலிருந்து அந்தக் குரல் அவளுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டே பாடினாள். பாட்டு முடிந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை விழித்துக்கொண்டது. பெட்டியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. "அம்மா பொட்டிக்குள்ள போயிட்டா!"

விஸ்வநத்தத்தில் காலை முகூர்த்தம். விடிந்ததும் போய்ப் பந்தலில் பெட்டிகளை நிறுத்திவிட்டோம். குமிழ்கள் அடக்கம், பெட்டிகள் முன்னால், மானிட்டர் தங்கச்சியின் காலடியில். எல்லாம் ஒத்திகையில் இருந்த மாதிரியே அமைந்துவிட்டது. போர்மேன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"செட்டு எப்ப வரும்?"

"இதுதான் செட்டு அண்ணாச்சி" என்றார் சார்.

"குழாய் எங்க?"

"இதுக்குக் குழாய் வேண்டாம். சத்தம் சுத்தமா கேக்கும்."

"யாருக்குக் கேக்கும்? பந்தல்ல இருக்கிறவனுக்கா? அவன்தான் பத்திரிகையைப் பாத்துட்டு வந்துட்டானே! என் வீட்டுல கலியாணம்னு அடுத்த ஊருக்குத் தெரியாண்டாமா? குழாய் கட்டாத கலியாணம் ஒரு கலியாணமா?"

சார் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தோமே, இதை யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்கு எரிச்சலாக இருந்த அதே குழாய், அவருக்கு ஊரெல்லாம் அழைத்துச் சொல்கிற வாய். மகள் கல்யாணத்தில் அது இல்லாமல் போனால் அவருக்குக் குறைதானே. எனக்குக் கோபம் வரவில்லை; உள்ளூர ஒரு மாதிரி வெட்கமாகத்தான் இருந்தது.

போர்மேன் ஆள் அனுப்பினார். யாரிடம் போவார்கள்? திருத்தங்கலில் எங்கள் வயரை உருவியவரிடம்தான்.

அவர் மொபெட்டின் பின்னால் குழாய்களையும் ஆம்ப்ளிஃபையரையும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மாடியேறிக் குழாய்களைக் கட்டினார். இறங்கி வந்து எங்கள் பெட்டிகளைத் தள்ளி நின்று பார்த்தார்.

"புதுசா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"நல்லா இருக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. ரெண்டு வீட்டுக்கும் சரின்னு சொல்லிட்டேன், என்ன பண்ணச் சொல்றீக?" என்றார்.

"நீங்க அப்படிப் பண்ணலைன்னா இது வந்திருக்காதுண்ணே" என்றாள் தங்கச்சி. அவர் சிரித்துவிட்டார்.

மிக்சருக்குப் பின்னால், பாட்டைப் பதிவு செய்வதற்கென்று ஒரு துளை இருந்தது. அதிலிருந்து ஒரு வயரை அவருடைய ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்தோம். 'உம்' என்று தேனீக்கூடு போல ஓர் இரைச்சல் வந்தது. அவரும் சாரும் தரையில் மண்டியிட்டு ஆளுக்கு ஒரு வயராகப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பிளக்கையும் ஒரே சுவிட்ச் பலகையில் மாற்றிச் செருகியதும் இரைச்சல் போய்விட்டது. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எங்கள் மைக்கை வாங்கினார்.

"ஹலோ. மைக் டெஸ்டிங்."

வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை. ஆனால் தன் குரல் இப்படிப் பக்கத்திலிருந்து, கனமாக, மீசை உட்பட வந்து நிற்பதை அவர் கேட்டதே இல்லை. மைக்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஹலோ, ஹலோ" என்றார், வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பிறகு, தன் ஊர்ப் பெயரைச் சொன்னார், மணமக்களை வாழ்த்தினார், பந்தி எந்தப் பக்கம் என்று அறிவித்தார். யாரும் கேட்காத விஷயங்களை எல்லாம் அறிவித்தார். போர்மேனே வந்து கையைப் பிடித்துத்தான் மைக்கை வாங்க வேண்டியிருந்தது.

வெளியே குழாய்கள் ஊரைப் பார்த்துக் கூவின. உள்ளே எங்கள் பெட்டிகள் பந்தலோடு பேசின. குழாய்கள் எங்களுக்கு முதுகு காட்டி இருந்ததால் குழப்பமும் இல்லை. முதன்முதலாக நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டை வாசித்தோம் என்றே சொல்வேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவர் போட்ட சின்னச் சின்ன விரலடிகள்கூடக் கேட்டன.

தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கும் மேடைக்குமாக அலைந்துகொண்டிருந்த நேரத்தில் தங்கச்சி அந்த மெல்லிய பாட்டை எடுத்தாள். முன் வரிசையில் அவளுடைய கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் பட்டுச் சேலையில். அடுத்த அறையிலிருந்து அவளைக் கத்திப் பாடச் சொன்னவர்கள். ஒருவர் பேச்சை நிறுத்தினார், பிறகு பக்கத்தில் இருந்தவர். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். மணப்பெண் போட்டோக்காரரைக் கை காட்டி நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள்.

"ஏடி, இது நீயா?" என்று ஒரு பெண் கீழே இருந்து கேட்டாள்.

"நான்தான்" என்றாள் தங்கச்சி மைக்கிலேயே. "சாப்பிட்டீகளா எல்லாரும்?"

அது குழாய் வழியாக அடுத்த ஊருக்கும் போயிற்று. பந்தலே சிரித்தது.

சாப்பிட்டுவிட்டு வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரேடியோ செட்டுக்காரர் வந்து நின்றார். இனி வெளிச்சத்தம் அவருடையது, உள்சத்தம் எங்களுடையது என்று பேசி முடித்தோம். அவருடைய மைத்துனரிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. பஸ் படியில் பெட்டி ஏற்றுகிற வேலை அதோடு ஒழிந்தது. கண்டக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கியதில் கண்டக்டருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அதற்கடுத்து வந்த ஆடியில், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்காகச் சாத்தூர்ச் சாலையில் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் எங்களைப் பாடக் கூப்பிட்டார்கள். மஞ்சள் சேலையும் தலையில் ஈரத் துண்டுமாகக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். தம்பியின் தாளத்துக்குக் கால்வலியை மறந்து ஆடிவிட்டு, மோர் குடித்துவிட்டு, மறுபடி நடந்தார்கள். தூரத்தில் வருகிறவர்களைக் குழாய் கூப்பிட்டது. பந்தலுக்கு வந்தவர்களிடம் பெட்டி பேசியது. வெயில் ஏற ஏற, பெட்டிகளின் மேல் ரோட்டுப் புழுதி படிந்தது. நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வயதான ஓர் அம்மா மோர் கிளாஸோடு மானிட்டருக்கு முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். சாமி கும்பிடப் போக வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, "போவேன், இந்தப் புள்ள முடிக்கட்டும்" என்றார். தங்கச்சி முடிப்பதாக இல்லை.